வெள்ளோட்டத்துக்கு எத்தனை பேர்?

எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் குடியிருக்கிற பையன் டாக்டர். மேற்படிப்பு படித்துக்கொண்டிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் கத்தைக் காகிதத்தோடு இறங்கி வந்தான்.

"ஏனுங்கண்ணா, நீங்க காமர்ஸ்தானே படிச்சீங்க? ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எல்லாம் இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. பாஸும் பண்ணிட்டேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்காதே."

விஷயம் இதுதான். சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் பக்கத்துப் பழைய மில் தொழிலாளர்களில் பலருக்கு மூச்சிரைப்பு. அவர்களுக்கு ஒரு மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்துப் பலன் இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்படுகிறான். பெரிய ஆய்வுக்கு முன்னால் சின்னதாக ஒரு முன்னோட்ட ஆய்வு. எல்லாம் எழுதிவிட்டான். 'எத்தனை நோயாளிகள்?' என்ற கட்டம் மட்டும் காலி. வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டால், "முப்பது போட்டுக்கோப்பா" என்றாராம். ஏன் சார் முப்பது? "எல்லாரும் முப்பதுதான் போடறாங்க."

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு யோசித்தால், எனக்கும் பதில் தெரியவில்லை. ஆடிட்டர் ஆபீசில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியிருக்கிறேன். நூறு வவுச்சரில் பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு டிக் அடிப்போம். ஏன் பத்து என்று நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. அங்கே தப்பினால் கணக்கு உதைக்கும். இங்கே உயிர்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஆச்சரியம், இந்தக் கதையில் இந்தியாவுக்கு, குறிப்பாக நம் சென்னைக்கு, முன்வரிசை நாற்காலி இருக்கிறது.

முதலில் ஒரு வார்த்தை. 'பைலட் ஸ்டடி' என்று டாக்டர்கள் சொல்வதற்கு நம்மிடம் அச்சு அசலான சொல் உண்டு. வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்னால் ஒருநாள் சும்மா இழுத்துப் பார்ப்பார்கள். உள்ளே உற்சவர் இருக்க மாட்டார். ராஜ வீதியில் கோனியம்மன் தேர் புறப்படுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மாதிரிச் சந்து பொந்துகளில் தேரை நடத்துவது லேசான காரியமில்லை. அச்சு தாங்குகிறதா, முனையில் திரும்புகிறதா, மேலே கரண்ட் கம்பி இடிக்கிறதா, வடம் பிடிக்க எத்தனை பேர் வேண்டும். வெள்ளோட்டத்தில் பார்க்க வேண்டியது இதைத்தான். அம்மன் அருள் கிடைத்ததா என்று வெள்ளோட்டம் முடிந்து யாரும் கேட்பதில்லை.

மருத்துவ ஆய்வில் மட்டும் கேட்கிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

வெள்ளோட்டத்தை ஒரு விஞ்ஞானமாக்கியவர்களில் முக்கியமானவர் மருத்துவரே இல்லை. கல்கத்தாவின் பி.சி. மஹலநோபிஸ். 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஆரம்பித்தவர். 1937-ல் அவர் கையில் வந்த வேலை, வங்காளத்தில் எத்தனை ஏக்கரில் சணல் விளைகிறது என்று கணக்கெடுப்பது. வயல் வயலாக ஆள் அனுப்பினால் செலவு தாங்காது. சாம்பிள் எடுக்கலாம். எத்தனை? எவ்வளவு பெரிய துண்டு நிலம்?

மஹலநோபிஸ் மேஜையில் உட்கார்ந்து எண்ணைக் கண்டுபிடிக்கவில்லை. சின்னப் பரப்பில் ஆரம்பித்தார். கணக்கெடுக்கிற ஆள் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு நடக்க எவ்வளவு நேரம், வரைபடத்தில் வயலைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம், எழுத எவ்வளவு நேரம், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் என்றெல்லாம் குறிக்கச் சொன்னார். ஒரே பகுதியைத் தனித்தனி ஆட்களிடம் கொடுத்து, இருவர் கணக்கும் எவ்வளவு முரண்படுகிறது என்றும் பார்த்தார். வருஷா வருஷம் பரப்பைக் கூட்டிக்கொண்டே போய், 1941-ல்தான் மாகாணம் முழுவதற்கும் போனார். அதுவரை நடந்தது எல்லாமே வெள்ளோட்டம். சணல் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை தேடவில்லை. விடை தேடினால் எவ்வளவு செலவாகும், எங்கே தப்பு வரும், ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபடும் என்பதைத் தேடினார்.

நம்ம ஊர் பஞ்சு வியாபாரிக்கு இது புரியும். பேலில் கையை விட்டு ஒரு பிடி உருவி, இரண்டு விரலால் இழுத்து இழைநீளம் பார்ப்பார். ஒரே தோட்டத்துப் பஞ்சு என்றால் ஒரு பிடி போதும். பல ஊர்ப் பஞ்சைக் கலந்து கட்டியிருந்தால் ஒரு பிடியை நம்பினவன் தலையில் துண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதும் கிளறிவிட்ட பானைக்குத்தான். மனிதர்கள் கிளறிவிடப்பட்ட பானை இல்லை.

இனி ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

1943-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. டி.பி. கிருமியைக் கொல்கிற முதல் உருப்படியான மருந்து. யுத்தத்தில் நொடித்துப்போயிருந்த பிரிட்டனிடம் அதை வாங்க டாலர் இல்லை. கொஞ்சமாகத்தான் கிடைத்தது. நோயாளிகள் எல்லோருக்கும் கொடுக்க முடியாது. அப்படியானால் யாருக்கு? மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் இந்தப் பற்றாக்குறையையே தர்மநியாயமாக்கினார். எப்படியும் பாதிப் பேருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே யாருக்கு என்பதைக் குலுக்கல் மாதிரி முன்கூட்டியே தீர்மானித்து, மூடிய உறையில் போட்டு வைப்போம்.

107 பேர். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 14 பேர். 1948-ல் வெளியான இந்த முடிவு உலக மருத்துவத்தையே புரட்டிப்போட்டது. இவ்வளவு பெரிய வித்தியாசம் என்றால் 107 பேரே தாராளம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மருந்துக்குக் கிருமி பழகிக்கொண்டது. ஐந்து வருடம் கழித்து எண்ணினால், இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் இறந்திருந்தார்கள். எத்தனை பேர் என்பதோடு எத்தனை நாள் என்பதும் சேர்ந்த கணக்கு இது. அதன் பிறகுதான் ஒரு மருந்து போதாது, கூட்டாகக் கொடு என்றார்கள்.

இந்தக் கூட்டு மருந்து விவகாரம்தான் சென்னைக்கு வந்து சேர்ந்தது.

ஈரோடு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும், பெருந்துறை தாண்டினால் 'சானடோரியம்' என்று ஒரு ஸ்டாப். இந்தப் பக்கத்து டி.பி. நோயாளிகளின் கடைசி நம்பிக்கை ஒரு காலத்தில் அதுதான். சென்னைக்காரர்களுக்குத் தாம்பரம் சானடோரியம், அங்கே ரயில்வே ஸ்டேஷனே அந்தப் பெயரில். நல்ல காற்று, முட்டை, பால், ஓய்வு. மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில். எங்கள் மில் லைன்களில் ஒருவருக்கு இருமலில் ரத்தம் வந்தால், "பெருந்துறைக்குக் கொண்டுபோயிட்டாங்க" என்று குரலைத் தாழ்த்திப் பேசுவதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அந்த வீட்டில் பெண் கேட்க யாரும் வர மாட்டார்கள்.

பிரச்னை, நாடு முழுக்க நோயாளிகள் பல லட்சம். கட்டில்களோ ஆயிரக்கணக்கில். எத்தனை சானடோரியம் கட்டினாலும் தீராது. மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன? அன்றைய பெரிய டாக்டர்கள் பலருக்கு இது விபரீத யோசனை. ஓலைக் குடிசையில், அரை வயிற்றுச் சாப்பாட்டில், ஒரே அறையில் ஏழு பேரோடு படுத்துக்கொண்டு டி.பி. குணமாகுமா? குழந்தைகளுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளாதா?

1956-ல் இதைச் சோதித்துப் பார்க்கவே சென்னையில் காசநோய் ரசாயன சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் கூட்டு. முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். புள்ளியியல் பக்கம் எஸ். ராதாகிருஷ்ணா. இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மையத்தின் வாரிசுதான்.

நகரத்தின் ஏழைப் பகுதிகளிலிருந்து 193 நோயாளிகள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பது குலுக்கல் முறையில். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருடம்.

எனக்கு இதில் பிடித்தது மருந்து இல்லை, அந்த மையம் பட்ட பாடு. பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டுகிற மருந்து. கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடத் தோன்றும். வீட்டில் இருக்கிறவர் விழுங்குகிறாரா, கூவத்தில் கொட்டுகிறாரா, யாருக்குத் தெரியும்? அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். மிச்சமிருக்கும் மருந்தை எண்ணுவார்கள். சிறுநீர் வாங்கிச் சோதிப்பார்கள். பி.ஏ.எஸ். சாப்பிட்டிருந்தால் ஃபெரிக் குளோரைடு விட்டதும் நிறம் மாறிவிடும். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு முன்னால், மருந்து வயிற்றுக்குள் போகிறதா என்ற கேள்வி. அச்சு தாங்குகிறதா என்று பார்க்கிற அதே தச்சனின் கேள்வி.

1959-ல் முடிவு வந்தது. சானடோரியத்தில் நோய் அடங்கியவர்கள் 92 சதவீதம். வீட்டில் 86 சதவீதம். குடும்பத்தாருக்கு நோய் தொற்றியதிலும் வீட்டில் வைத்திருந்ததால் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்ததில், அந்தக் கொஞ்சநஞ்ச வித்தியாசமும் இல்லாமல் போனது.

இங்கே கால்குலேட்டரை எடுத்தேன். கடைசிக் கணக்கில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 80 பேர். அத்தனை பேரை வைத்துக்கொண்டு 86-க்கும் 92-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேசலாம்? கணக்குப் போட்டால், வீடு சானடோரியத்தை விட 4 சதவீதம் மேலாகவும் இருந்திருக்கலாம், 15 சதவீதம் கீழாகவும் இருந்திருக்கலாம். அந்த 6 சதவீதம் நிஜமா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரு பக்கத்துக்கு 420 பேராவது வேண்டும்.

அப்படியானால் தப்பான ஆய்வா? இல்லை. அவர்களுடைய கேள்வி ஆறு சதவீதம் இல்லை. வீட்டுக்கு அனுப்பினால் நாசமாகிவிடுமா என்பதுதான் கேள்வி. 92 என்பது 75 ஆகச் சரிந்திருந்தால் 80 பேரிலேயே பெரும்பாலும் தெரிந்திருக்கும். சரியவில்லை. கட்டிலே கிடைக்காத லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த பதில் போதும். 1962-ல் வந்த தேசிய காசநோய்த் திட்டம் வீட்டிலிருந்தே சிகிச்சை என்பதன் மேல்தான் கட்டப்பட்டது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மெல்ல மெல்லக் காலியாயின. பெருந்துறை சானடோரியத்துக்கு நிலமும் கட்டடமும் மிஞ்சியது. அந்த வளாகத்தில் பின்னால் மருத்துவக் கல்லூரி வந்தது.

ஆக, எத்தனை பேர் என்பது, எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்குப் பின்னால் வருகிற கேள்வி. இதை மாடிப் பையனிடம் சொன்னேன்.

"அப்படீன்னா முப்பது எங்கிருந்து வந்துச்சுங்க?"

அதையும் தேடினேன். முப்பதுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. ஆளுக்கு ஆள் அளவுகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதை வெள்ளோட்டத்தில் மதிப்பிட்டு, அதை வைத்துப் பெரிய ஆய்வுக்கு எத்தனை பேர் என்று கணக்கிடுவது வழக்கம். அந்தச் சிதறலை அளக்கக் குறைந்தது 30 பேராவது வேண்டும் என்ற பொதுவிதியை 1995-ல் பிரவுன் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரையில் குறிப்பிட்டு, அது எவ்வளவு தாங்கும் என்று ஆராய்ந்தார். 2005-ல் ஸ்டீவன் ஜூலியஸ் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர், ஒரு பக்கத்துக்கு 12 பேர் போதும் என்றார். ஐந்து பேர் பத்தாகும்போது மதிப்பீட்டின் துல்லியம் மளமளவென்று கூடுகிறது. பன்னிரண்டைத் தாண்டினால் ஒவ்வொரு புது ஆளும் கொண்டுவருகிற லாபம் சுருங்கிக்கொண்டே போகிறது. காமர்ஸ்காரனுக்கு இது பழகிய சங்கதி, குறைந்து செல் விளைவு விதி.

2015-ல் இன்னொரு எண் வந்தது. 59. இது வேறு வகை. சிகிச்சையில் ஏதோ ஒரு கோளாறு, நூற்றுக்கு ஐந்து பேருக்கு வரக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து சீட்டைப் புரிந்துகொள்ளாமல் இரட்டை டோஸ் போட்டுக்கொள்வது மாதிரி. அது வெள்ளோட்டத்தில் ஒரு தடவையாவது தலைகாட்ட வேண்டும், 95 சதவீதம் நிச்சயமாக. அதற்கு 59 பேர் வேண்டும். வீட்டில் போட்டுப் பார்க்கலாம்: 0.95-ஐ 59 தடவை பெருக்கினால் 0.05-க்குக் கீழே வந்து நிற்கும். 12 பேரை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்தக் கோளாறு கண்ணிலேயே படாமல் போக பாதிக்கு மேல் வாய்ப்பு.

பன்னிரண்டு, முப்பது, ஐம்பத்தொன்பது. மூன்றும் சரி, மூன்றும் வேறு வேறு கேள்விக்கு.

அந்தச் சிதறல் கணக்கில் ஒரு குழி இருக்கிறது, பல பேர் விழுந்த குழி. சின்ன வெள்ளோட்டத்தில் சிதறல் தற்செயலாகக் குறைவாகத் தெரிந்துவிட்டால்? அசலில் 10 இருக்க வேண்டியது 7 என்று வந்துவிட்டது. தேவைப்படும் ஆட்கள் இதன் வர்க்கத்தில் ஓடுகிறது. 200 பேர் வேண்டிய இடத்தில் 98 போதும் என்று பெரிய ஆய்வில் இறங்குவீர்கள். மூன்று வருடம், பல லட்ச ரூபாய், 98 பேரின் உடம்பு. கடைசியில் 'ஒன்றும் சொல்ல முடியவில்லை' என்று ஒரு வரி. நல்ல சிகிச்சை ஒன்று அந்த ஒரு வரியில் செத்துப்போகலாம். அதைவிட மோசம், வெள்ளோட்டத்திலேயே "பலன் தெரிகிறது" என்று அறிவித்துவிடுவது. பத்துக்கு ஐந்து, பத்துக்கு மூன்று என்பதெல்லாம் காசு சுண்டினாலே வருகிற வித்தியாசம். 2016-ல் வெள்ளோட்ட ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சர்வதேச நெறிமுறை வந்தபோது, பலன் இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்கிற வேலை இதற்கு வேண்டாம் என்று திட்டவட்டமாக எழுதினார்கள்.

எண் சரியாக இருந்தும் வெள்ளோட்டம் கவிழ்ந்த கதையும் உண்டு. லண்டன், நார்த்விக் பார்க் மருத்துவமனை, 2006 மார்ச் 13. டி.ஜி.என். 1412 என்ற புது மருந்தை முதன்முதலாக மனித உடம்பில் ஏற்றுகிறார்கள். குரங்குகளில் பிரச்னை இல்லை. அவற்றுக்குக் கொடுத்ததில் ஐந்நூறில் ஒரு பங்குதான் மனிதர்களுக்கு. எட்டு ஆரோக்கியமான இளைஞர்கள். ஆறு பேருக்கு மருந்து, இரண்டு பேருக்கு வெறும் திரவம். முதல் ஆள் எப்படி இருக்கிறார் என்று காத்திருக்கவில்லை. சில நிமிட இடைவெளியில் வரிசையாக ஏற்றிக்கொண்டே போனார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பேரும் துடிக்க ஆரம்பித்தார்கள். பல உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் பிழைத்தார்கள். ஒருவர் கை கால் விரல்களை இழந்தார். விசாரணைக் குழுவின் முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று, முதலில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் பொறுத்திருந்து பாருங்கள் என்பது. அந்தக் காலைக்குப் பொருத்தமான சாம்பிள் சைஸ் ஒன்று.

சென்னை ஆய்வுக்கு ஒரு பின்குறிப்பு இருக்கிறது. நல்ல சாப்பாடு சாப்பிட்ட சானடோரியக்காரர்களும் அரை வயிற்று வீட்டுக்காரர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானதால், டி.பி.க்கு மருந்துதான் முக்கியம், சாப்பாடு அப்புறம் என்ற எண்ணம் பல வருடம் ஊறிவிட்டது. 193 பேர் அந்தக் கேள்விக்கானவர்கள் இல்லை. நோயாளியின் குடும்பத்தாரில் நோய் வருவது நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான். சாப்பாடு அதைக் குறைக்கிறதா என்று பார்க்க ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். 2019-ல் ஜார்க்கண்டில் அதைத்தான் செய்தார்கள். 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு. கொடுக்காத பக்கம் 4,724 பேரில் 122 பேருக்கு டி.பி. வந்தது. கொடுத்த பக்கம் 5,621 பேரில் 96 பேருக்கு. 2023-ல் முடிவு வெளியானது. அரிசி பருப்பு சுமார் 40 சதவீத நோயைத் தடுத்திருக்கிறது. நடத்தியவர்களில் சேத்துப்பட்டு நிறுவனமும் ஒன்று.

பையன் தன் காகிதத்தைத் திருத்தினான். முப்பதை அடித்துவிட்டு முதலில் கேள்வியை எழுதினான்: கூப்பிடுகிற பத்துப் பேரில் எத்தனை பேர் சம்மதிக்கிறார்கள், எட்டு வாரம் தாங்குகிறார்களா, ஷிஃப்ட்டுக்குப் போகிறவர் எந்த நேரத்தில் பயிற்சி செய்வார், பஸ் காசு யார் கொடுப்பது. கடைசியில் 60 என்று போட்டான். வழிகாட்டி ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாராம்.

"அறுபது எதுக்குப்பா?"

"அம்பத்தொம்போதுதான் சார் வேணும். ஒண்ணு ரவுண்டு பண்ணிட்டேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டார். முதல் நோயாளியே, "பேரனுக்குக் காதுகுத்து, அடுத்த மாசம் வர்றேனுங் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதையும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறான்.